தூசி படியாத நாற்காலி

இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வகுப்பறையில், கடைசி வரிசை ஓரத்து நாற்காலியில் மட்டும் தூசி இல்லை. மற்ற இருபத்தேழிலும் விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் படிந்திருந்தது. தரையிலும் அப்படித்தான். டீச்சர் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"யாராச்சும் உள்ள வந்தாங்களா?"

"சாவி என் இடுப்புலதானே இருக்கு டீச்சர். எலி வந்தாக்கூட என்கிட்ட சொல்லிட்டுத்தான் வரணும்," என்று சிரித்தார் வாட்ச்மேன். "ஆறு மணிக்குப் பூட்டணும். பாப்பாவோட சீக்கிரம் கிளம்பிடுங்க."

பாப்பா அவளுடைய மகள். நாளை இதே ஒன்றாம் வகுப்பில் சேரப்போகிறவள். புதுப் பையை வீட்டிலிருந்தே முதுகில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கழற்றச் சொன்னால் அழுகைதான்.

அந்த ஓரத்து நாற்காலி போன வருடம் முட்டைக்கண்ணியுடையது. வகுப்பே அப்படித்தான் கூப்பிடும், அந்தக் குழந்தையும் கோபித்துக்கொள்ளாது. கடைசி வேலை நாளன்று டீச்சருக்குத் தலைக்கு மேல் வேலை. மாலை வருகைப்பதிவேட்டில் பெயர் கூப்பிடாமல், தலை நிமிராமல், மேலிருந்து கீழே மடமடவென்று டிக் போட்டு மூடிவிட்டாள். அன்று இரவு குழந்தையின் அப்பா போலீசோடு வந்து வாசலில் நின்றபோது, வேலை போய்விடுமே என்ற பயத்தில் பொய் தானாக வந்தது. "பேர் கூப்பிட்டேன் சார். உள்ளேன் டீச்சர்னு சொன்னா." அதை நம்பி, பள்ளியை விட்டுவிட்டு பஸ் நிலையம், வாய்க்கால், ரோடு என்று ஊரையே சலித்தார்கள். குழந்தை கிடைக்கவில்லை. அந்தப் பொய் இன்றுவரை அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

முன் வரிசைகளைப் பெருக்கினாள், துடைத்தாள், நாற்காலிக்கு ஒன்றாகப் பெயர்ச்சீட்டு ஒட்டினாள். கடைசி வரிசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். கம்பி போட்ட ஜன்னல்களில் வெயில் இறங்கி மங்க, பசையின் புளிப்பு வாசனையோடு பழைய சாக்பீஸ் வாசனையும் ஈரச்சுவரின் நெடியும் கலந்து தொண்டையில் உட்கார, மேலே மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்ற, அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்பதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். மகள் பின்னால் யாரிடமோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

"யார்கூட பேசுற?"

"இங்க ஒரு அக்கா."

"அங்க யாரும் இல்ல கண்ணு. இங்க வா, வீட்டுக்குப் போலாம்."

"அக்கா உன்மேல கோவமா இருக்காங்கம்மா. அன்னைக்கு நீ பேரே கூப்பிடலியாம்."

கையிலிருந்த பசை டப்பா விழுந்து உருண்டது. யார் சொன்னது இவளுக்கு? யாருக்குத் தெரியும்?

"இப்ப நோட்டப் பாத்து என் பேரக் கூப்பிடும்மா. கூப்பிட்டா வந்துடறேன்."

கூப்பிட்டுத் தொலைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். மேசையில் புதுப் பதிவேட்டைத் திறந்தாள். நேற்று அவளே எழுதிய பெயர்கள், எழுத்தெல்லாம் நீச்சலடித்தன. விரல் வைத்துத் தேடினாள். பதினேழாவது வரி. மகளின் பெயரைப் படித்தாள்.

"உள்ளேன் டீச்சர்."

கை தன்பாட்டுக்கு டிக் போட்டது. பத்து வருடப் பழக்கம். தலை நிமிரவில்லை.

பிறகுதான் உறைத்தது.

பாப்பா அவளை ஒருநாளும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை.

அது பாப்பாவின் குரலும் இல்லை.

நிமிர்ந்தாள். மின்விசிறி நின்றிருந்தது. வகுப்பில் யாரும் இல்லை. ஜன்னலில் கம்பி. ஒரே கதவு, அதுவும் அவள் பக்கத்தில். கடைசி வரிசைத் தூசியில் சின்னச் சின்னக் காலடிகள். உள்ளே போனவை மட்டும். திரும்பி வந்தவை இல்லை.

நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கும் இல்லை.

வராந்தாவில் சாவிக்கொத்து குலுங்கியது. "பூட்டலாமா டீச்சர்? பாப்பா எங்க?"

பதிவேட்டில் டிக் இன்னும் காயவில்லை. கடைசி வரிசையில் இப்போது இரண்டு நாற்காலிகளில் தூசி இல்லை. இரண்டாவதின் முதுகில் புதுப் பை தொங்கிக்கொண்டிருந்தது.