அட்ஜஸ்ட்

குழாயைத் திறந்தாள் செண்பகவல்லி. தண்ணீருக்குப் பதில் குரல்தான் வந்தது. "இன்றைக்குப் பாதிதான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

செவ்வாய்க் குடியிருப்பில் நீரைப் பங்கிடுவது இசைவி என்னும் பொறி. தன்னைக் குளிர்விக்கும் நீரை மட்டும் அது பங்கில் சேர்ப்பதில்லை. பூமியின் பழைய பேச்சுப் பதிவுகளைக் கேட்டு மொழி பழகியபோது, இந்த ஒரு சொல் அதைத் திணறடித்தது. பஸ்ஸில் நகர்ந்து உட்காரவும் அட்ஜஸ்ட், மாமியாரிடம் வாய்மூடி இருக்கவும் அட்ஜஸ்ட், திருகாணியை முடுக்கவும் அதுவே. கடைசியில் பொதுவான பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தது: சொல்கிறவர் எதையும் இழப்பதில்லை, கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பவரே இழக்கிறார். திருகாணிகூட வாய் திறப்பதில்லையே.

கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு, கீழடுக்கிலிருந்து அதிகாரிகள் வாழும் மேலடுக்குக்குப் போனாள். நீர் அதிகாரி திருஞானம் தொட்டிச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க அடுக்குல எல்லாரும் தங்கமானவங்கம்மா. அட்ஜஸ்ட் பண்ணிப்பீங்க."

"இந்தத் தடவை நீங்க பண்ணிக்குங்க சார்."

அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை. சுவரில் இசைவியின் விளக்கு பச்சையானது. "பதிவானது."

அவள் வீடு திரும்புவதற்குள் குழாயில் தண்ணீர் கொட்டியது. விஷயம் பரவ, கீழடுக்கே மேலேறி ஒவ்வொரு அதிகாரியிடமும் அதையே சொல்லிவிட்டு வந்தது. அதிகாரிகள் தங்களிடம் யாரும் சொல்லிக் கேட்டறியாத வார்த்தை. அவர்களுக்கு வாயே வரவில்லை.

மறுநாள் மேலடுக்குக் குழாய்கள் வறண்டன. திருஞானம் வாளியோடு அவள் வாசலில் நின்றார்.

"கொஞ்சம் அட்..."

"அந்தப் பேச்சு வேணாம் சார். என்ன வேணும்னு சொல்லுங்க."

வாளியை நீட்டினார். "தண்ணி வேணும்மா. குடு."

அவள் ஊற்றினாள். இசைவி குறுக்கிட்டது. "குடு என்றால் இழப்பவர் யார்? பதிவு செய்ய வேண்டும்."

"நாங்க பேசிக்கிறோம். உனக்குக் கணக்கு உதைச்சா நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

இசைவி பேசவில்லை.

சற்றுப் பொறுத்து விளக்கு பச்சையானது. இரண்டு அடுக்குகளின் குழாய்களிலும் நீர் கொட்டத் தொடங்கியது. திருஞானம் கையை நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வெந்நீர். இசைவியின் உடம்பைச் சுற்றி வந்த நீர்.

"ஐயோ, பொறி சூட்டுல நின்னுபோயிடுமேம்மா. அப்புறம் யார் பங்கு பிரிக்கிறது?"

செண்பகவல்லி இன்னொரு வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தாள். "உட்காருங்க சார். பேசுவோம்."