ஒன்பதாவது பீப்பாய்

கப்பல் சரக்குப் பட்டியலில் இருந்தது எட்டுப் பீப்பாய்கள்தான். குளிர்நாட்டில், ஹடர்ஸ்ஃபீல்ட் வீட்டின் முன்னறையில் இரண்டு மாதமாகக் குந்தி உட்கார்ந்து அவற்றை நிரப்பியவள் அயோனி. எதில் சோப்பு, எதில் பாத்திரம், எதில் மகளின் பள்ளிச் சட்டைகள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். இப்போது கடல் தாண்டி, சொந்த ஊரான கரியாக்கூ தீவில், சுண்ணாம்பு வாடை போகாத புது வீட்டின் கூடத்தில் ஒன்பது நின்றன.

"எவனோட சாமானோ நம்மளோட கலந்து வந்திருக்கு," என்றான் அவள் கணவன் கத்பர்ட். "துறைமுகத்துல பட்டியலையா பாக்குறாங்க? சாப்பாட்டு நேரத்தைத்தான் பாக்குறாங்க."

அயோனி குனிந்து பார்த்தாள். பீப்பாயின் வயிற்றில் கத்பர்ட் குவாஷி என்று அவன் பெயர்தான் எழுதியிருந்தது. வால் நீண்டு சுருண்ட அந்தக் கையெழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கத்பர்டின் அக்கா மெர்லினின் கையெழுத்து. மெர்லினைப் புதைத்து எட்டு மாதமாகிறது.

"அக்கா முன்னாடியே எழுதி வச்சிருப்பா," என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "ஊருக்குப் போகணும் போகணும்னு உயிரை விட்டவதானே."

அவன் வெளியே போய்விட்டான். கட்டிலும் குளிர்பெட்டியும் இன்னும் லாரியில் இருந்தன. மதியம் மூன்று மணிதான். ஆனால் கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்த மழைக்காக ஜன்னல்களின் புயல் பலகைகளை அடைத்திருந்தார்கள், மின்சார இணைப்பும் இன்னும் வரவில்லை. கூடத்தில் வாசல் வழியாக வந்த வெளிச்சம் மட்டும் தரையில் ஒரு பாய் அளவுக்குக் கிடந்தது. அதற்கு அப்பால் பீப்பாய்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஈரக் கம்பளி நாற்றம் ஒன்று, குளிர்நாட்டு வீடுகளில் வெந்நீர்க் குழாய்மேல் உலரப்போட்ட துணியிலிருந்து வருமே அது, அந்தப் புழுக்கத்தில் மெல்ல மெல்லக் கிளம்பி அவள் தொண்டையில் உட்கார்ந்தது.

நான்கு வயது கெசியா ஒன்பதாவது பீப்பாயின் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பாதியைத் தின்றுவிட்டு மீதியை மூடியின் விளிம்பில் வைத்தாள்.

"யாருக்குடி அது?"

"அத்தைக்கு."

அயோனி மகளை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். லாரிக்காரர் பாய்சி தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வாய் ஓயாத மனிதர்.

"என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?"

"கடல் தாண்டி வர மாட்டாங்கதானே, அண்ணே? செத்தவங்க?"

"உப்புத் தண்ணிய அதுங்களால தாண்ட முடியாது. சின்னப் புள்ளைக்கும் தெரியுமே." சிரித்தார். "ஆனா நீயே கட்டி, கப்பல்ல ஏத்தி, வாடகையும் குடுத்துக் கூட்டிட்டு வந்தா வரும். அதுங்களுக்கு என்ன கசக்குதா?" அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "புள்ளைய சவப்பெட்டிக்கு மேல தாண்டக் குடுத்தீங்கதானே? மூணு தடவை?"

அயோனி மகளை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

கொடுத்தார்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று மூன்று முறை கைமாற்ற வேண்டும். இல்லாவிட்டால் போனவர் பிள்ளையைத் தேடி வருவார். அயோனி மருத்துவமனை வேலைக்குப் போன நாளெல்லாம் கெசியாவை மடியில் போட்டு வளர்த்தவள் மெர்லின். சாகும்போதும் "புள்ளைய எங்கிட்டக் குடு" என்றுதான் கையை நீட்டினாள். அந்தக் கைகள் எப்போதும் சில்லிட்டிருக்கும். அதனால்தான் பெட்டியில் கிடந்தவளுக்குச் சாம்பல் நிறக் கம்பளிக் கையுறையை அயோனியே மாட்டிவிட்டாள். இரண்டு முறை கைமாற்றினார்கள். அதற்குள் அடக்கம் செய்ய வந்த வெள்ளைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், மூடியைத் தூக்கினார். இன்னும் ஒரு தடவை என்று கேட்க அயோனிக்கு வெட்கமாக இருந்தது. இந்த மூடர்கள் என்ன செய்கிறார்கள் என்று நினைப்பாரோ என்ற பாழாய்ப்போன வெட்கம்.

"ரெண்டுதான்," என்றாள். உள்ளே நின்ற ஒன்பதாவது பீப்பாயைக் கை காட்டினாள்.

பாய்சி தொப்பியைக் கழற்றினார். "மிச்சத்தை இப்பவே முடிச்சிடுங்க. அது வந்த பீப்பாய்க்கு மேலயே. பேசக் கூடாது. கண்ணைத் தொறக்கக் கூடாது. அந்தப் பக்கம் உன் புருசன் வாங்கிக்கணும்."

கத்பர்ட் முணுமுணுத்தான். ஆனாலும் மறுக்கவில்லை, இரண்டு தடவையோடு நிறுத்தியதில் அவனுக்கும் பங்கு உண்டு. "இந்தக் குளிர்பெட்டிய மட்டும் இறக்கிட்டு வந்துடறேன். நீ உள்ள போ, மழை புடிச்சுக்கிச்சு."

தகரக் கூரையில் மழை கொட்டியது. அயோனி வாசற்படி ஓரமாகவே நின்றாள். கெசியா தோளில் சாய்ந்து அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழையின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. பீப்பாய் மூடியின் இரும்பு வளையம் தன் பள்ளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது போல. நின்றது. மறுபடியும் நகர்ந்தது. மூடியின் விளிம்பைப் பார்த்தாள். பிஸ்கட் இல்லை.

"கத்பர்ட்! சீக்கிரம் வா!"

"இதோ!" மழைக்குள்ளிருந்து குரல் வந்தது.

இனித் தாங்காது. ஒன்பதாவது பீப்பாயின் முன்னால் போய் நின்றாள். கண்ணை இறுக மூடினாள். காலடிகள் கேட்டன. ஈரமான, பொறுமையான காலடிகள். அவளைச் சுற்றிக்கொண்டு போயின. எதிரே நின்றன. மூச்சு வாங்கும் சத்தம்.

வந்துவிட்டான். அப்பாடா.

பேசக் கூடாது. மகளைத் தூக்கினாள். பீப்பாய்க்கு மேலே நீட்டினாள். எதிரிலிருந்து இரண்டு கைகள் நீண்டு கெசியாவின் இடுப்பைப் பற்றின. பாரம் இறங்கியது. விட்டாள்.

முடிந்தது. மூன்று.

"அயோனி!" கத்பர்டின் குரல். வெளியே. லாரிப் பக்கம். "இங்க வந்து ஒரு கை புடியேன், எங்க ரெண்டு பேரால இந்தப் பெட்டிய அசைக்க முடியல!"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. நீட்டிய கைகளை மடக்கவும் இல்லை. பிள்ளையை விட்டபோது விரல் நுனியில் உரசியது இன்னும் அங்கேயே இருந்தது. நனைந்த கம்பளி.

எதிரே, இருட்டில், கெசியா கலகலவென்று சிரித்தாள்.

"அத்தை, உங்க கை ஏன் இன்னும் இவ்வளவு சில்லுனு இருக்கு?"