இருபத்துநாலு கழுத்துகள்

தங்கை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜீரோவுக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியது. பெயின்ட் தின்னர், ஒட்டுப்பசை, ராவிய உலோகத் தூள். மாடியில் மேசை போட்டு வேலை பார்த்த தங்கை கணவர் போய்ச் சேர்ந்து இரண்டரை மாதம் ஆகிறது. ஒரு வாசனை இத்தனை நாளா வீட்டுக்குள் தங்கும் என்று யோசித்தபடியே உள்ளே போனார்.

ஜீரோ என்பது கிளப்பில் வைத்த பெயர். பழைய காலத்துப் போர்களை மேசை மேல் பரப்பி, பகடை உருட்டி, ஸ்கேலால் அளந்து விளையாடும் கிளப் அது. அதற்கான வீரர்கள் ஈயக்கலவைப் பொம்மைகள், கட்டைவிரல் உயரம்தான். நாலைந்து மயிர் மட்டுமே உள்ள டபுள் ஜீரோ தூரிகையால் அவற்றுக்குக் கண் வைக்கிறவர் இவர். கண் வைப்பது பொம்மைகளுக்கு மட்டும்தான், ஊரார் மேல் அல்ல என்று அவரே சிரிப்பார்.

தங்கையின் கணவருக்குக் கிளப்பில் 'ரம்பம்' என்று பெயர். அதற்கு இரண்டு காரணம். எப்போதும் கையில் நகை வேலை செய்கிறவர்களின் குட்டி ரம்பம் இருக்கும். வாயைத் திறந்தால் மூடமாட்டார். ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளை அறுத்து, தலையைத் திருப்பி, கையை மடக்கி, ஒவ்வொன்றையும் தனி ஆளாக்கிவிடுவார். ஒட்டிய இடத்தை மூட ஒரு பசை மாவு உண்டு. மஞ்சளையும் நீலத்தையும் பிசைந்தால் பச்சையாகும். சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். அந்த மாவில் கொஞ்சம் எடுத்து ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் ஒட்டி, இடது கட்டைவிரலைப் பதித்துவைப்பார். ரம்பம் கிழித்த தழும்பு ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடாக விழும். அதுதான் அவருடைய கையெழுத்து.

"மேல ரூம் அப்படியேதான் இருக்குண்ணா. நான் எதையும் தொடல," என்றாள் தங்கை.

"ஒரு பெட்டில போட்டுக் குடு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் முடிச்சுடறேன்."

"வேணாம். அவர் மேசையிலயே பண்ணு."

அவர் முடிக்காமல் விட்ட படையை இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நினைவாகக் களத்தில் இறக்கப்போவதாகக் கிளப்பில் முடிவு செய்திருந்தார்கள். வண்ணம் பூச வேண்டியது ஜீரோவின் பொறுப்பு. முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

முடியாது என்று சொல்ல நினைக்கவும் ஒரு காரணம் இருந்தது. மூச்சிரைப்பு வந்து ரம்பம் அந்த அறையில் தனியாக விழுந்த மதியம், தங்கை வேலையில் இருந்தாள். அங்கே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மூன்று தெரு தள்ளி இருந்த ஜீரோவுக்குத்தான் ரம்பம் போன் அடித்தார். ஜீரோ அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்மைக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தார். குதிரைக்காரன் பொத்தான் என்ன நிறம் என்று கேட்டு அரை மணி நேரம் அறுப்பார், கண்ணை முடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மூன்று முறை அடித்தது. நாலாவதாக ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி அவர் தனக்குத்தானே கூடப் பேசிக்கொள்வதில்லை.

தங்கையிடம், "என் போன் சார்ஜ் இல்லாம அணைஞ்சு கிடந்துச்சும்மா," என்று சொல்லிவிட்டார். ரம்பத்தின் போனைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது என்பது ஒரு தெம்பு. உறவு என்று அவருக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். உண்மை தெரிந்தால் அந்த வாசல் படியை அவர் மறுபடி மிதிக்க முடியாது.

மாடி அறையில் பச்சை விரிப்பு மேல் நெப்போலியன் காலத்துக் காலாட்படை மூன்று வரிசையில் நின்றது. வரிசைக்கு எட்டுப் பேர், இருபத்துநாலு பேர். அணிவகுத்து நடப்பவர்கள், எல்லாருக்கும் நேர்ப் பார்வை. முன்னால் வாளை உயர்த்திய அதிகாரி ஒருவன், தலை இல்லாமல். அந்தக் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் ரம்பம் விழுந்தார்.

ஜீரோ போனை மேசையின் வலது மூலையில் கவிழ்த்து வைத்தார். முதல் நாள் முழுக்க நீலக் கோட்டுகளுக்கு வண்ணம் பூசிவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பினார்.

மறுநாள் காலை முதல் வரிசை எட்டுப் பேரும் வலப்பக்கம் திரும்பியிருந்தார்கள்.

தலை மட்டும்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கழுத்தில் மயிரிழை போல ஒரு அறுப்பு, அதை மூடிய பச்சை மாவு. நேற்று அவர் பூசிய நீலம் காலரில் வெடித்திருந்தது. விரிப்பு மேல் உலோகத் தூள் மினுமினுத்தது.

கீழே தங்கை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து யாராவது மாடிக்குப் போனாங்களா?"

"யார் போகப்போறா? ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவள் கைகளையே பார்த்தார். கணவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டிருந்த மாதம், பொம்மைகளுக்குக் கம்பி செருகி ஒட்டிக் கொடுத்தவள் இவள்தான். அவளுக்கு வேலை தெரியும். ஆனால் நகக்கண்ணில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. கிளப்பில் ஜெனரல் என்று எல்லாரும் கூப்பிடும் தலைவருக்குப் போன் போட்டு, வீட்டுக்கு வந்தீர்களா என்று கேட்டார். "என்னய்யா உளர்ற?" என்று அவர் வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அறைக்குத் தன் பூட்டையே போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்தார்.

இரண்டாம் வரிசையும் திரும்பியிருந்தது.

பூட்டுக்கு வேறு சாவி இருக்குமோ? ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். சந்தேகம் ஒரு பக்கம் தங்கையைச் சுற்றியது, இன்னொரு பக்கம் அந்தப் பச்சை மாவைச் சுற்றியது. களத்தில் எந்த வீரன் யாரைப் பார்க்க முடியும் என்று சண்டை வந்தால், பொம்மையின் மூக்கிலிருந்து நூல் பிடித்துப் பார்ப்பது கிளப் வழக்கம். ஒரு நூலை எடுத்து ஒவ்வொரு மூக்கிலிருந்தும் பிடித்துப் பார்த்தார். பதினாறு தடவையும் நூல் ஒரே இடத்தில் போய் முட்டியது.

மேசையின் வலது மூலை. இரண்டு நாளாக அவர் போன் கவிழ்ந்து கிடந்த இடம்.

தங்கைக்குத் தெரிந்துவிட்டது, வாயால் கேட்காமல் இப்படிக் கேட்கிறாள் என்று நினைத்தார். நினைத்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று போனை அணைத்து இடதுபுறம் ஜன்னல் திட்டில் வைத்தார். அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடக் கீழே இறங்கினார். தங்கை எதிரில் உட்கார்ந்தாள். அவள் எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

நாலு கவளம் போயிருக்கும்.

மாடியில் சத்தம் கேட்டது. மெல்லிசாக, சீராக, உலோகத்தை அறுக்கும் சத்தம்.

தங்கை தலை நிமிரவில்லை. குழம்பை அவர் தட்டில் ஊற்றினாள்.

"உனக்கு... ஏதாவது சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"என்ன அது?"

"தினம்தான் கேக்குது," என்றாள். "சாப்பிடுண்ணா."

ஜீரோவுக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. கை கழுவாமலே மாடிக்கு ஓடினார். பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே மூன்றாம் வரிசை இடப்பக்கம் திரும்பி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தலைக்கு ரம்பத்துக்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

இருபத்துநாலு கழுத்துகளும் திரும்பிவிட்டன.

படியிறங்கி வந்தார். தங்கை இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே நின்று, எச்சில் கையோடு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"என் போன் அணைஞ்சு கிடக்கலம்மா. மூணு தடவை அடிச்சுது. நான்தான் எடுக்கல. கண் வெச்சுட்டு எடுக்கலாம்னு..."

அவள் அழுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று காத்து நின்றார்.

"மூணு இல்லண்ணா," என்றாள் அவள். "நாலு."

அவர் எச்சில் கையைச் சட்டையில் துடைத்தார்.

"நாலாவதை நீ எடுத்து ரெண்டு செகண்ட்ல கட் பண்ணியிருக்க. அவர் போனைத் திறக்கற நம்பர் எங்க கல்யாண நாள்தான். அன்னைக்கே திறந்து பார்த்துட்டேன். நீயா சொல்றியான்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

"அப்ப, மாடில தலையைத் திருப்பினது நீதானே?"

"எந்தத் தலையை?"

அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பொய் சொல்லும்போது சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இடது புருவம் துடிக்கும். துடிக்கவில்லை. இருந்தும் அவரால் நம்ப முடியவில்லை. அவளை முன்னால் போகவிட்டு, பின்னாலேயே படியேறினார்.

வாசனை முன்னைவிடக் கனமாக இருந்தது. இரண்டு பேரும் மேசைக்கு அருகில் போய் நின்றார்கள்.

முதல் இரண்டு வரிசையும் இப்போது இடப்பக்கம் திரும்பி, வீரர்கள் இருபத்துநாலு பேரும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற அதிகாரிக்கு இப்போது தலை இருந்தது.

வாளைக் காணோம். உயர்ந்திருந்த கையை முழங்கையில் அறுத்து மடக்கி, உள்ளங்கையைக் காதோடு சேர்த்து ஒட்டியிருந்தது. தலை அந்தக் கைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது.

தங்கை அவனைக் கையில் எடுத்தாள். முழங்கையில் இருந்த பச்சை மாவு அவள் விரலில் ஒட்டியது, இன்னும் காயவில்லை. அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஈர மாவில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது, அதற்குக் குறுக்கே ஒரு தழும்புக் கோடு.

"அவர்தான்," என்றாள் மெதுவாக. முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை. அதுதான் ஜீரோவை உலுக்கியது. "இன்னும் கூப்பிட்டுட்டுதான் இருக்கார். எடுண்ணா."

"நான் அணைச்சுதான் வெச்சேன்."

"எடு."

ஜன்னல் திட்டில் போன் கறுத்துக் கிடந்தது. வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. மூன்றடி தூரம்தான். அவர் கை நீளவில்லை.

தங்கையே போய் எடுத்தாள். அணைந்து கிடந்த போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.

ஜீரோ கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ம்." கொஞ்ச நேரம். "ம். இங்கதான் இருக்கான்." இன்னும் கொஞ்ச நேரம். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. கடைசியில் தலையாட்டினாள். போனை அவர் பக்கம் நீட்டினாள்.

"உங்கிட்டதான் பேசணுமாம்."