தூளிக் கயிறு

வீரன் ஒருவனோடு நீங்கள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்களா? அவன் எப்படிச் சாப்பிடுவான், எப்படித் தூங்குவான் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா?

வேலம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக அவளுக்கு அதுதான் வேடிக்கை. அவள் புருஷன் வரதன் அடுப்படியில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான். பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்து ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், கொடுத்த சிவப்புக் கம்பளிக் குல்லா அவன் தலையில் இருந்தது. புரட்டாசிப் புழுக்கத்தில் வேர்வை நெற்றியில் வழிந்து மூக்கு நுனியில் வந்து நின்றது. குல்லாவை மட்டும் அவன் கழற்றவில்லை. தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

எட்டு வருஷத்தில் இந்த மனுஷனுடைய முதுகு இவ்வளவு நேராக இருந்து அவள் பார்த்ததில்லை. குல்லா போட்டால் முதுகு நிமிருமா என்ன?

"ஏ வேலம்மா! கயிறு எங்கடி?"

உள்ளேயிருந்து மாமியார் செல்வம்மாள் கத்தினாள். கூரைக்கழியில் மாட்டியிருந்த வெறும் வளையத்தைக் கழற்றி ஆட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"இதுல மாட்டியிருந்த தூளிக் கயிறு எங்க? நாலு ஆளு நீளம் கயிறு, எலி தின்னுச்சா?"

வேலம்மாவின் கை தானாக முந்தானைக்குள் போய் ஒளிந்தது.

அன்று நாத்தனார் குப்பம்மாவின் குழந்தைக்குப் பதினாறாம் நாள். தூளி கட்டிப் பேர் வைக்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தூளிக் கயிற்றைத் தாய்மாமன் பெண்சாதிதான் திரிக்க வேண்டும். தென்னை நாரோடு தன் கூறைப்புடவையின் ஓரத்தைக் கிழித்துச் சேர்த்துத் திரிக்க வேண்டும். அப்போதுதான் குழந்தைக்குக் கண்ணேறு படாது. வேலம்மாதான் மாமன் பெண்சாதி. போன மாசமே திரித்துத் தொங்கவிட்டிருந்தாள். இப்போது அது இல்லை.

"எனக்குத் தெரியாது அத்தை..."

"தெரியாதா! திரிச்சவ நீ, தெரியாதா? ஊட்டுக்குள்ள வேற யாருடி வந்தது?" செல்வம்மாளின் குரல் சட்டென்று இறங்கியது. அது இறங்கினால்தான் வேலம்மாவுக்கு ஆபத்து. "ஒனக்கு ஒண்ணு பொறக்கலன்னா அதுக்கு அவ இன்னா பண்ணுவா? ஒங் கயித்துல அவ புள்ள தூங்கக் கூடாதுன்னு ஒளிச்சி வெச்சிகீறியா?"

அதை வேலம்மா பொறுத்துக்கொண்டாள். ஆனால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து நின்ற குப்பம்மா அழ ஆரம்பித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எம் புள்ள மேல இன்னா அண்ணி கோவம்? நீதான அவன மொத மொதல்ல குளிப்பாட்டின..."

"கோவமா? எனக்கா?"

"அப்ப கயித்த குடு!"

வரதன் கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தான். "குட்த்துடேண்டி. இன்னிக்கு சாயங்காலம் ஊரு கூடி எனக்குத் தலப்பா கட்டப் போறாங்க. இன்னிக்குப் போயி ஊட்டுல ரகளையா?"

அவள் அவனைப் பார்த்தாள். குல்லாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியாதுய்யா," என்றாள்.

"அப்ப ஒண்ணு பண்ணு," என்றாள் செல்வம்மாள். "பொழுது சாயறதுக்குள்ள கயிறு வரணும். வர்லன்னா நீ காட்டுப்பள்ளிக்கு ஒங்க அம்மா ஊட்டுக்குப் போயிடு. புள்ள கீற எடத்துல நீ வேணாம்."

வரதன் வாயைத் திறப்பான் என்று வேலம்மா எதிர்பார்த்தாள். அவன் குல்லாவைச் சரி செய்துகொண்டான்.

கயிறு எங்கே இருந்தது என்பது வேலம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.

பழவேற்காட்டில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கக் குப்பத்துப் படகுகள் அலையைத் தாண்டிப் போக வேண்டும். அந்தப் படகில் ஆணி ஒன்றுகூட இருக்காது. பலகையைப் பலகையோடு சேர்த்துத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை அடித்தால் உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆனால் தையல் இற்றுப்போனால் பலகை பலகையாகப் பிரிந்து போகும். வரதன் வேலை செய்த படகுக்குத் தையல் பார்ப்பது அவன் பொறுப்பு.

ஐந்து நாளைக்கு முன்னால் படகுத் தண்டல் கோதண்டம், அதாவது சுக்கான் பிடிக்கிற மூத்த ஆள், வரதனிடம் சொன்னான்: "அடிப்பலகை தையல் மக்கிப் போச்சி. கப்பல் வர்றதுக்குள்ள தெச்சிடு." வரதனும் தலையை ஆட்டினான். ஆனால் தங்கைக்குப் பையன் பிறந்த சந்தோஷம் பத்து நாளாகியும் அவனுக்கு அடங்கவில்லை. அன்று காலையிலேயே கள்ளுக்குப் போனான்.

உச்சி வெயிலில் கஞ்சி கொண்டுபோன வேலம்மா, படகின் நிழலில் அவன் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தாள். கயிறு ஒரு பக்கம், ஊசிக்கட்டை ஒரு பக்கம். தையலில் ஒரு முழம்கூட ஆகவில்லை. எழுப்பினாள். தண்ணீர் தெளித்தாள். காலைப் பிடித்து இழுத்தாள். "இன்னாடி... வுடுடி..." என்று புரண்டு படுத்தான்.

ஏரிக்கு அந்தப் பக்கம் கோட்டையில் கொடி ஏறியது. கப்பல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். விடிந்தால் படகு போகும். பன்னிரண்டு பேர் ஏறுவார்கள்.

குப்பத்து ஆம்பளைகள் எல்லாரும் முகத்துவாரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்க் கோதண்டத்திடம் சொல்லலாம். சொன்னால் வரதனுக்குப் படகில் இடம் போய்விடும். ஏற்கெனவே ஊரில் அவனுக்குச் சோம்பேறி என்று பேர். சொல்லாவிட்டால் பன்னிரண்டு பேர்... அதில் அவனும் ஒருத்தன்.

பொம்பளை படகைத் தொடக் கூடாது. பிறந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த கட்டுப்பாடு அது. ஆனால் காட்டுப்பள்ளியில் அவள் நைனா படகு தைக்கிறவர். நார் உருட்டிக் கொடுத்தபடியே பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கண் பழகிய வேலை.

அவள் மணலைத் தொட்டுக் கும்பிட்டாள். "தாயே, இது தப்புன்னா என்ன எடுத்துக்கோ. ஏறுறவங்கள வுட்டுடு."

தையலுக்கு ரெண்டு பேர் வேண்டும். வெளியே ஒருத்தர், உள்ளே ஒருத்தர். அவள் ஒருத்தி. வெளியே நின்று கயிற்றை ஓட்டையில் நுழைப்பாள். படகில் ஏறி உள்பக்கம் போய் இழுத்து இறுக்கித் திருப்பி நுழைப்பாள். இறங்குவாள். மறுபடி ஏறுவாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. உள்ளங்கை ரெண்டும் கிழிந்தன. அப்புறம் கயிறு தீர்ந்தது. இன்னும் ஒரு பலகை நீளம் பாக்கி. வீட்டுக்கு ஓடினாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கயிறு.

எடுத்தாள். புரி பிரித்துத் தைத்தாள். ரெண்டு நாளில் புதுசாகத் திரித்து மாட்டிவிடலாம் என்று நினைத்தாள். கைப்புண் சீழ் கோத்து, விரலை மடக்கக்கூட முடியாமல் போனது.

மறுநாள் கப்பலிலிருந்து ஆளை இறக்கிக்கொண்டு வரும்போது காற்று திரும்பியது. ரெண்டு படகு வந்தன. முன்னால் வந்த படகை அலை தூக்கி மணல்திட்டில் அடித்தது. பலகை பலகையாகப் போனது. கோதண்டத்தின் படகும் அதே இடத்தில் அடிபட்டது. நெளிந்தது, முனகியது, பிரியவில்லை. வரதன் அலைக்குள் குதித்தான். ஒல்லாந்தர் ரெண்டு பேரையும் குப்பத்து ஆள் ஒருத்தனையும் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்து படகில் போட்டான். அதில் பொய் எதுவும் இல்லை. கரையில் நின்ற வேலம்மா கண்ணால் பார்த்தாள்.

அப்புறம் கோதண்டம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "வரதன் தெச்ச தையல்டா! அதான் நின்னுச்சி!" வரதன் ஒரு கணம் விழித்தான். தான் தூங்கியதைப் பார்த்துக் கோதண்டமே தைத்துவிட்டு, பெருந்தன்மையாகத் தன் பேரைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டான். கோதண்டமோ வரதன்தான் தைத்தான் என்று நம்பினான். கேட்டால் குட்டு உடையும் என்று வரதன் கேட்கவில்லை. கேட்க எதுவும் இருப்பதாகவே கோதண்டத்துக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்துதான் அந்த முதுகு நிமிர்ந்தது. அதைப் பிடித்து எப்படி வளைப்பாள் அவள்?

பொழுது சாய்ந்தது. கயிறு வரவில்லை.

வேலம்மா ஒரு மாற்றுப்புடவையை மூட்டையாகக் கட்டிக்கொண்டாள். வாசலில் நின்று, "குப்பம்மா... புள்ளைய ஒரு தரம் காட்டேன்," என்றாள். குப்பம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலம்மா தெற்கே மணல்வழியில் நடந்தாள்.

கரையில் ஊர் கூடியிருந்தது. பெரியதனக்காரர் சுப்பராயலு புதுத் துண்டோடு நின்றார். தலைப்பாகை கட்டுவதற்கு முன்னால் காப்பாற்றிய படகுக்கு மரியாதை செய்ய வேண்டும். கோதண்டம் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அடிப்பலகையில் படிந்த உப்பையும் பாசியையும் தேய்த்துக் கழுவினான். வீரனைப் பெற்றவள் என்று செல்வம்மாளை முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

கோதண்டத்தின் கை நின்றது.

"இன்னா வரதா, தையல்ல சேப்பா நூலு கீது?"

"சேப்பா?" வரதன் குனிந்தான்.

செல்வம்மாளும் குனிந்தாள். கண்ணை மாட்டுக்கண் மாதிரி விரித்துப் பார்த்தாள். அரக்குச் சிவப்பு. நடுவில் பொடிப்பொடியாக வெள்ளைக் கட்டம். பொன்னேரிச் சந்தையில் நாலு கடை ஏறி இறங்கி அவளே பொறுக்கியெடுத்த கூறைப்புடவை அது.

"டேய்... இது வேலம்மா பொடவடா. இது தூளிக் கயிறுடா!" அவள் நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். "நீயா எடுத்தாந்து தெச்ச?"

எல்லாரும் வரதனைப் பார்த்தார்கள். அவன் "ஆமாம்" என்று சொல்லலாம். தங்கை பிள்ளையின் கயிற்றைக்கூடப் படகுக்குக் கொடுத்தான் என்று இன்னும் ஒரு சுற்றுப் புகழ்வார்கள். சுப்பராயலுவே, "பாத்தீங்களா! அதுக்குத்தான்யா தலப்பா!" என்று ஆரம்பித்துவிட்டார்.

வரதன் கோதண்டத்தைப் பார்த்தான். "அண்ணே... நீ தெக்கலியா?"

"நானா? நீ தெச்சன்னு இல்ல நான் நெனச்சேன்?"

வரதன் நூலைத் தொட்டான். வேலம்மாவின் உள்ளங்கை அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நாலு நாளாகச் சோற்றை விரல் நுனியால் பிசைந்தாளே, ஏன் என்று கேட்டானா அவன்? குல்லாவைக் கழற்றினான். தலை முழுக்க வேர்க்குரு.

"நா தெக்கல," என்றான். "நா அன்னிக்குக் குட்ச்சிட்டு இங்கதான் கெடந்தேன். அவதான் எழுப்பினா, நா எழுந்துக்கல... ஒண்டியா தெச்சிகீறா. எம் பேரு கெடக் கூடாதுன்னு வாயத் தொறக்கல. நானும் நாலு நாளா இத்த மாட்டிகினு..."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "பொம்பள படக தொட்டாளா?" என்றார் சுப்பராயலு. "ஏறவும் செஞ்சாளா?"

"தொட்டா. ஏறுனா," என்றான் கோதண்டம். "நாம முங்கல. இப்ப அவ மேல கோவப்படறதுக்கு ஆளுங்க உசுரோட கீறாங்க பாரு, அதான் அவ செஞ்ச தப்பு."

யாரோ சிரித்தார்கள். சுப்பராயலு சிரிக்கவில்லை. துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மகன் சொன்னதோடு சரி, செல்வம்மாள் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. அவள் தெற்கே ஓடிக்கொண்டிருந்தாள். மணலில் கால் புதையப் புதைய, மூச்சு இரைக்க, "அடியே வேலம்மா... நில்லுடி... நில்லுடி பாவி..." என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

வேலம்மா நின்றாள். திட்ட வருகிறாள் என்று நினைத்து மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

செல்வம்மாள் அவள் கையைப் பிடுங்கி விரித்தாள். கிழிந்து, காய்ந்து, மறுபடி வெடித்த உள்ளங்கை.

"மீனு அரிஞ்சப்ப கிழிஞ்சிதுன்னியே..."

"அத்தை..."

"நா சொன்னத எல்லாம் கேட்டுகினு நின்னியே! மலடின்னு சொல்லாம சொன்னேனே! ஒரு வார்த்த... ஒரு வார்த்த திருப்பிச் சொல்லக் கூடாதாடி?"

"இன்னான்னு சொல்றது அத்தை? அவரு குதிச்சது நெசந்தான? மூணு பேர இஸ்துகினு வந்தது நெசந்தான? எட்டு வருசமா நாலு பேரு முன்னாடி தல குனிஞ்சிகினு நடந்த மனுசன்... போவட்டுமேன்னு இருந்துட்டேன்."

"அவன் குதிச்சது ஒரு வாட்டிடி... நீ ஒண்டியா எத்தினி வாட்டி ஏறி எறங்கியிருப்ப!" என்றாள் செல்வம்மாள். மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேலம்மாவும் அழுதாள். கை வலித்ததால் விரலை மடக்காமல், புறங்கையால் மாமியாரின் முதுகைத் தடவினாள்.

பின்னாலேயே வந்த வரதன் பத்தடி தள்ளி நின்றான். பக்கத்தில் வரப் பயமாக இருந்தது அவனுக்கு. வேலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முதுகு வளைந்திருக்கிறதா என்றுதான் பார்த்தாள். வளையவில்லை. தலையில் குல்லாவும் இல்லை. அது எப்படி என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மூட்டைய குடு," என்றான் அவன்.

மறுநாள் காலையில் இன்னொரு கப்பலுக்குக் கொடி ஏறியது. பொம்பளை ஏறிய படகு வேண்டாம் என்று மூன்று பேர் வரவில்லை. வரதனையும் சேர்த்து ஒன்பது பேர் போனார்கள். தையலை யாரும் பிரிக்கவில்லை. வீட்டில் கயிறு இல்லாததால் தூளி கட்டவில்லை. குழந்தை வேலம்மாவின் மடியில் தூங்கியது.