கடல் நடுவே ஒரு பெரட்டு

மலாயாவில், லுக்குட்டுக்குத் தெற்கே ஆறு கடலில் கலக்கிற இடத்தில், சதுப்புக் காட்டு மரங்களுக்குள் அந்தத் தொங்கான் ஒளிந்து நின்றது. கருவாடு ஏற்றிப் பழகிய பாய்க்கப்பல். பாயில் கோணிச் சாக்கை ஒட்டுப்போட்டிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் பஞ்சாலை தன் ஆறு வயது மகள் மாரியம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து வந்து ஏறினாள். பின்னால் அவள் புருஷன் மாயாண்டி, ஒரு மரவள்ளிக் கிழங்கு மூட்டையும் காய்ச்சலுமாக வந்து சேர்ந்தான்.

1943, மாசி மாதம். ஜப்பான்காரன் கடிகாரத்தையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். விடியாமலே விடிந்துவிட்டது என்று சொல்லவேண்டிய காலம் அது. சயாமில் ரயில் போடுவதற்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். பகாவ் பக்கத்திலிருந்து போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பஞ்சாலை இருந்த ரப்பர் தோட்டத்துப் பட்டியலில் மாயாண்டியின் பேர் இரண்டாவதாக இருந்தது. காய்ச்சல்காரனைச் சயாமுக்கு விடுவதைவிடக் கடலில் ஏற்றுவது மேல் என்று பஞ்சாலை நினைத்தாள். அவளைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கப்பலை ஓட்டியவர் நாகப்பட்டினத்துத் தண்டேல் காதர் மீரா. "காத்து இருந்தா நாகப்பட்டினத்துக்குப் பன்னெண்டு நாளு," என்றார். காற்று இல்லாவிட்டால் என்னவென்று யாரும் கேட்கவில்லை.

மொத்தம் பத்தொன்பது பேர். தண்ணீர் இரண்டு பீப்பாய். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மங்கு என்று முடிவானது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுவார்களே, அந்தச் சின்னக் கிண்ணம்தான் மங்கு. அதை அளந்து ஊற்றும் பொறுப்பை மண்டோர் சன்னாசி எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர், கப்பலில் மட்டும் சும்மா இருப்பாரா? முதல் நாள் விடியலிலேயே மடியிலிருந்து பேர்த் தாளை எடுத்துப் பிரித்துப் பெரட்டு எடுக்க ஆரம்பித்துவிட்டார். தோட்டத்தில் விடியற்காலை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற அதே பெரட்டு. கடல் நடுவே பெரட்டு எடுத்த மண்டோர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பேர் கூப்பிட வேண்டும், "ஆள் இருக்கு" என்று பதில் வரவேண்டும், அப்போதுதான் மங்கு நிறையும். மாரியம்மா எழுந்து நின்று, கையிரண்டையும் தொடையில் ஒட்டவைத்து, எல்லோரையும்விடச் சத்தமாகப் பதில் சொல்வாள். அவளுக்காகவே அந்த முதல் சில நாட்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

லயம் என்கிற வரிசை வீட்டு ஜனங்களுக்குப் பெரட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வீட்டு ஆள் உடம்பு முடியாமல் எழவில்லையென்றால், இருட்டோடு இருட்டாக இன்னொருவர் அந்தப் பேருக்கும் பதில் கொடுத்துவிடுவார்கள். பெண்பிள்ளை குரலைத் தடிக்க வைத்து ஆணுக்குச் சொல்வாள். சன்னாசிக்குத் தெரியும். விளக்கைத் தூக்கிப் பார்க்கமாட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் நல்ல மனுஷன்.

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் மாயாண்டி செத்துப்போனான்.

காற்று நின்று மூன்று நாளாகியிருந்தது. பஞ்சாலையின் பழைய புடவையில் சுற்றி அவனை இறக்கினார்கள். கட்டிவிடக் கல் இல்லை. கப்பலும் நகரவில்லை, அவனும் நகரவில்லை. காதர் மீரா துடுப்பால் தள்ளிவிட்டார். சற்று நேரத்தில் புடவை மூட்டை திரும்ப வந்து பலகையில் மெதுவாக இடித்தது. மறுபடி தள்ளினார். மறுபடி வந்தது. லயத்தில் பஞ்சாலைக்கு அடுத்த வீட்டுக்காரியான அந்தோனியம்மாள் அவள் முகத்தைத் தன் தோளில் அழுத்தி வைத்துக்கொண்டாள். அந்த இடிக்கிற சத்தம் கேட்காமல் இருக்க ஜெபத்தை உரக்கச் சொன்னாள். வெயில் தாழும்போது மூட்டையைக் காணவில்லை.

அப்பனின் காய்ச்சல் அன்றைக்கே மகளைப் பிடித்தது. உதடு வெடித்து, நாக்கு வெளுத்துப் போய்க் கிடந்தாள். ஒரு மங்குத் தண்ணீர் அந்த உடம்புச் சூட்டுக்கு எந்த மூலைக்கு? பிள்ளையைக் கரை சேர்க்கவேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று பஞ்சாலை கடலையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்துக் கும்பிட்டாள்.

மறுநாள் விடியலில் சன்னாசி பழக்க தோஷத்தில் கூப்பிட்டுவிட்டார்.

"மாயாண்டி."

அவர் பென்சிலை எடுத்தார்.

"ஆள் இருக்கு," என்றாள் பஞ்சாலை, குரலைத் தடிக்க வைத்து.

சன்னாசி அவளைப் பார்த்தார், அவள் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மங்கை நிறைத்தார். மற்றவர்கள் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செத்தவன் தண்ணீரைப் பிள்ளை குடித்தது. நாலு நாள் இப்படியே நடந்தது. நாலாம் நாள் மாரியம்மா கண்ணைத் திறந்து, "அம்மா, கஞ்சி இருக்கா?" என்று கேட்டாள். பஞ்சாலைக்கு உயிர் திரும்பியது.

ஐந்தாம் நாள், மாயாண்டி பேரைக் கூப்பிட்டதும் அவள் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஆள் இருக்கு."

பின்பக்கத்துப் பீப்பாய்களுக்கு அப்பாலிருந்து வந்தது. கரகரத்த, நீர் கோத்த குரல். அதோடு ஒரு நாற்றமும் வந்தது. மழையில் நனைந்து அழுகிப்போன ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம். கடலில் அதற்கு என்ன வேலை?

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் இருக்குமோ என்ற பயம்.

மங்கு கை மாறிக் கை மாறிப் பஞ்சாலையிடம் வந்தபோது காலியாக இருந்தது. விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

யாரோ வழியில் குடித்துவிட்டார்கள் என்று அவள் அடுத்த நாள் தானே எழுந்து போய் வாங்கினாள். இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கீழே இறங்கியது. காதுக்குப் பக்கத்தில் தொண்டை ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு சின்ன விக்கல். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு போட்டவளுக்கு அந்த விக்கல் தெரியாதா?

மங்கு காலி.

வெயில் ஏறியதும் சன்னாசியிடம் போய்க் குந்தினாள்.

"அண்ணே, அவரு பேர அடிச்சிடுங்க."

"நான் நேத்தே அடிச்சிட்டேன், பஞ்சால." அவர் தாளைக் காட்டினார். மாயாண்டி பேரின் மேல் கோடு இருந்தது. "இன்னிக்கு நான் கூப்பிடவே இல்ல. நீயும் கேட்டல்ல?"

யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். அவர் அடுத்த பேருக்குப் போயிருந்தார். நடுவில் பதில்தான் வந்தது.

"அப்ப ஏன் ஊத்துனீங்க?"

சன்னாசி தன் கையைப் பார்த்தார். "நான் ஊத்தலம்மா," என்றார் மெதுவாக.

அவள் பின்பக்கம் போனாள். பீப்பாய்க்கு அருகில் பலகை ஈரமாக இருந்தது. வேறெங்கும் தீய்க்கிற வெயில். அங்கே மட்டும் கால் சில்லிட்டது.

"ஏங்க," என்றாள் காற்றைப் பார்த்து. "புள்ளைக்காகத்தான் உங்க பேரச் சொன்னேன். நீங்க போயிருங்க. ஒங்க கால்ல விழறேன்."

கடல் தகடு போலக் கிடந்தது. பலகைக்கு வெளியே, தண்ணீர் மட்டத்தில், ஏதோ மெதுவாக இடித்தது.

ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை.

மாயாண்டி கெட்டவன் இல்லை. உயிரோடு இருந்தவரை தன் பங்கில் பாதியை மகளுக்குத் தள்ளியவன். அதனால்தான் பஞ்சாலைக்குப் பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. செத்த பிறகு மனுஷனுக்குப் பாசம் போய்த் தாகம் மட்டும் மிஞ்சுமா? இருக்கிறான் என்று இவள்தானே நாலு நாள் சொன்னாள். இருக்கிறவனுக்குத் தண்ணீர் வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் மறுபடி ஏறியது. அந்தோனியம்மாள் தன் மங்கில் பாதியைக் கொண்டுவந்து பிள்ளை வாயில் விட்டாள். மாரியம்மா முகத்தைச் சுளித்தாள்.

"உப்பா இருக்கும்மா."

"நல்ல தண்ணிதான் கண்ணு."

"அப்பா மங்குக்குள்ள கைய விட்டுட்டாரு, அதான் உப்பு. ஈரக் கை."

"பேசாம தூங்கு லா," என்று அந்தோனியம்மாள் அவள் நெற்றியில் சிலுவை போட்டாள். விரலில் ஒட்டிய ஈரத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

பதினேழாம் நாள் விடியலில் காற்று எழுந்தது. பாய் புடைத்தது. அதைப் பார்த்துப் பஞ்சாலை பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். இன்னும் ஐந்தாறு நாள், தாக்குப்பிடித்தால் போதும். சன்னாசி தாளைப் பிரித்தார்.

"மாரியம்மா."

பிள்ளை எழுந்து நிற்கப் பார்த்தது. கால் வரவில்லை. கையை மட்டும் தொடையோடு ஒட்டிவைத்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பஞ்சாலை பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஆள் இருக்கு."

இந்த முறை குரல் பீப்பாய் பக்கமிருந்து வரவில்லை. பஞ்சாலை உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் கீழேயிருந்து வந்தது.

மகளுக்காக அப்பன் பதில் கொடுத்துவிட்டான்.

மாரியம்மா தலையைச் சாய்த்துக் கீழே காது கொடுத்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. உச்சிப் பொழுதுக்குள் மூச்சு நின்றது. அவளையும் கடலில் இறக்கினார்கள். சன்னாசி பேர்த் தாளைச் சுக்குச்சுக்காகக் கிழித்துக் கடலில் போட்டார். "இனிமே எவன் பேரையும் கூப்பிட மாட்டேன்," என்றார். பெரியவர் அழுததை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அடுத்த நாள் காலையில் கிழக்கு வெளுத்தபோது காதர் மீரா பறவை கண்டதாகச் சொன்னார். கரை இருக்கும் திசையைக் கை நீட்டிக் காட்டினார். அந்தக் கையைப் பார்க்கக்கூட ஆட்களுக்குத் தெம்பில்லை. சன்னாசி முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தார். பெரட்டு எடுக்க ஆள் இல்லை, தாளும் இல்லை.

பலகைக்குக் கீழே யாரோ கூப்பிட்டார்கள்.

"மாரியம்மா."

"ஆள் இருக்கு."

சின்னக் குரல். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்கிற குரல்.

"பஞ்சாலை."

நேற்றுச் சாயங்காலம்வரை செத்துவிட்டால் தேவலை என்று இருந்தவள்தான். அந்தக் குரலைக் கேட்டதும் உயிர்மேல் ஆசை வந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு பல்லால் கடித்தாள். சொல்லமாட்டேன். செத்தாலும் சொல்லமாட்டேன்.

"பஞ்சாலை," என்று மறுபடி கேட்டது. மண்டோர் காத்திருப்பதுபோல ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் அந்தோனியம்மாள் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தாள். கப்பலில் இருப்பதே அவளுக்கு நினைவில்லை. பெரட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், அடுத்த வீட்டுக்காரி பாவம் இன்னும் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான் அவள் புத்திக்கு எட்டியது.

பஞ்சாலை பாய்ந்து அவள் வாயைப் பொத்துவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"ஆள் இருக்கு."

அதற்குப் பிறகு கீழே யாரும் கூப்பிடவில்லை.