சூளைக்கு ஒரு விரற்கடை

மூன்று மாதப் பிள்ளையின் கைக்காப்பு கழன்று விழக் கூடாது. ஞானஸ்நானத்தன்று எண்ணெய் தடவி, பிள்ளை வீறிட வீறிட மாட்டிய வெள்ளிக் காப்பு அது. இன்று அன்னாமேரி குளிப்பாட்டும்போது தானாக நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன். லூர்து இளைச்சுட்டாளா இன்னா?"

சூசைநாதன் களிமண் கையோடு வந்து பார்த்தான். பிள்ளை இளைக்கவில்லை. தொடை மடிப்பு அப்படியே இருந்தது, கன்னம் உப்பலாக இருந்தது. ஆனால் தலை முதல் கால் விரல் வரை எல்லாமே கொஞ்சம் சிறியதாக இருந்தது. அடுப்படிக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போனான்.

எட்டு நாளாக விடாத கார்த்திகை மழையில் வில்லியனூரே ஊறிக் கிடந்தது. கொட்டகையில் ஈரக் களிமண்ணும் விளக்கெண்ணெயும் வறட்டிப் புகையும் கலந்து, துவைக்காத தூளித்துணி போல ஒரு வாடை மூக்கில் ஏறி இறங்க மறுத்தது. பலகை மேல் அவன் செய்த பாலன் பொம்மைகள் படுத்திருந்தன. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வருடா வருடம் வீட்டிலேயே அச்செடுத்துச் செய்கிறவன் அவன். போன வருடம் செய்த பாலனைப் பார்த்து, "கெழவன் மூஞ்சிடா இது" என்று கோயில் வாசலில் ஊரே சிரித்தது. அந்த ரோஷத்தில்தான் இந்த வருடம் களிமண்ணை வெண்ணெயாகப் பிசைந்து, அப்போது நாற்பது நாள் பிள்ளையாக இருந்த லூர்துவை அதன் மேல் கிடத்தினான். முதுகுக்கு ஒரு தடவை, முன்பக்கத்துக்கு ஒரு தடவை. பிள்ளைக்குக் கூச்சம், சிரித்தாள்.

அந்த அச்சில் வந்த பொம்மை குடிலுக்குப் பெரிது. அதனால் என்ன? களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். சுருங்கிய பொம்மையிலிருந்து மறுபடி அச்செடுத்தால் அடுத்தது அதைவிடச் சின்னதாக வரும். சின்னப் பொம்மை செய்கிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். சூளைக்கு ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை குறையும். மூன்றாவது சூளையை நேற்றுத்தான் பிரித்தான்.

அந்த மூன்றாவது பொம்மையை எடுத்து வந்து, தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் வைத்தான். குதிகாலுக்குக் குதிகால், உச்சிக்கு உச்சி. மயிரிழை வித்தியாசம் இல்லை.

"அது இன்னாத்துக்கு அவ பக்கத்துல?" என்றாள் அன்னாமேரி.

அவன் கொட்டகையில் இருந்த பொம்மை, அச்சு எல்லாவற்றையும் உலக்கையால் தூளாக்கினான். சூளை வாயில் தண்ணீர் ஊற்றினான். அவள் நடந்ததையெல்லாம் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

ஐந்தாம் நாள் விடிந்தபோது தூளிக்குள் பிள்ளை ஒரு சாண் இருந்தாள். தாய்ப்பாலைத் துணித்திரியில் நனைத்துத்தான் கொடுக்க முடிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றால், எதைத் தூக்கிக் காட்டுவது?

அவன் சூளை அணைந்து கிடக்க, இது எப்படி? அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முதல் பொம்மை! மதகடிப்பட்டுப் பொம்மைக் கடைத் தங்கவேல் பார்த்துவிட்டு, ஆசைப்பட்டு வாங்கிப் போனாரே!

மழையிலேயே ஓடினான். தங்கவேல் கடையின் தட்டில் ஒரு சாண் நீளத்தில் லூர்து முப்பது பேர் படுத்திருந்தார்கள்.

"அண்ணே, அச்சு எடுத்தீங்களா?"

"எடுக்காம? போன வருசம் என் குதிரை பொம்மைல நீ எடுக்கல?" என்று சிரித்தவர், சூசைநாதனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இன்னாபா, ஏன் அழுவுற? வேணும்னா எல்லாத்தையும் ஒடச்சிப் போடு, நான் ஒண்ணும் சொல்லல."

உடைத்தான்.

"ஆனா செல்லிப்பட்டு சாமிக்கண்ணு நேத்து ராவே ரெண்டு வாங்கினு போனானே. மணி சைசுக்குச் சுருக்கி, மாலையா கோக்கப் போறானாம்."

செல்லிப்பட்டுக்கு எதிரே ஆறு கரை புரண்டு ஓடியது. பரிசல் இல்லை. செந்தண்ணீரின் இரைச்சலில் அவன் போட்ட கூச்சல் அவன் காதுக்கே கேட்கவில்லை. அக்கரையில், கீற்றுக் கொட்டகைக்கு அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வெள்ளைப் புகை. நிதானமான புகை. இரண்டு கையையும் ஆட்டினான், வேண்டாம், வேண்டாம் என்று. கொட்டகையில் இருந்த ஆள் அதைப் பார்த்தான். அவனும் சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டு, குனிந்து இன்னும் இரண்டு வறட்டியைச் சூளைக்குள் தள்ளினான்.

சூசைநாதன் வீடு சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவிலேயே லூர்துவின் அழுகை கேட்டது. பழைய அழுகை, முழு அழுகை, பசித்த மூன்று மாதப் பிள்ளையின் அழுகை. கர்த்தரே, சரியாகிவிட்டாள்! கதவைத் தள்ளினான்.

"உள்ள வராதீங்க!"

அன்னாமேரி அறை நடுவில் நின்றிருந்தாள். ஒரு உள்ளங்கையை விரித்தபடி. ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. உள்ளங்கையில் ஒன்றும் இல்லை.

"கைலதான் வெச்சிருந்தேன்" என்றாள். உதடு மட்டும் அசைந்தது. "அரிசி கணக்கா இருந்தா. மூச்சு கூட அடக்கித்தான் வுட்டேன். மழைக் குளுருங்க. தும்மல் வந்துருச்சி."

அழுகை அறை முழுக்க இருந்தது. சுவரில் மோதியது, கூரையில் மோதியது. தரையிலிருந்துதான் வந்தது. எந்த மூலை? தெரியவில்லை. அவன் தூக்கிய காலைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை. வாசற்படியிலேயே ஒற்றைக் காலில் நின்றான்.

"வெளக்கு," என்றான்.

"எப்படிப் போயி எடுக்கறது?"

அவள் ரவிக்கையிலிருந்து ஒரு சொட்டுப் பால் தரையில் விழுந்தது. இன்னொரு சொட்டு.

மழைக்குப் பொந்தை விட்டுக் கிளம்பிய சிவப்பு எறும்புகள் நிலைச்சட்டத்தின் அடியிலிருந்து வந்தன. வரிசையாக. பால் சொட்டில் நின்றன. மீசையை ஆட்டின. ஒன்று மட்டும் விலகியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின.

அழுகை வந்த பக்கம்.