திரையில் இல்லாத பொருள்கள்

திரையில் இருந்தவை இரண்டே பொருள்கள்தான்: ஒரு கோப்புறை, ஒரு குப்பைத்தொட்டி. ஸ்பீக்கரில் வந்த குரலோ நிதானமாக, "ஆறு பொருள்கள்" என்றது.

"எண்ணத் தெரியாத சனியன்," என்று அவள் முணுமுணுத்தாள். காசில்லாமல் கிடைக்கும் இயங்குதளங்களை ஒவ்வொன்றாகப் பென்டிரைவில் ஏற்றி, பரண்மேல் கிடந்த இந்தப் பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் சத்தமே வரவில்லை. ஒன்று தமிழைக் கடித்துத் துப்பியது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஒன்று சரிப்பட்டு வந்தால், கணவர் பொழுதெல்லாம் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு தன்னைத் துருவுவதை விட்டுவிடுவார் என்பது அவள் கணக்கு. வராவிட்டால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவே செய்திருந்தாள்.

சர்க்கரை நோய் அவருடைய கண்ணைத்தான் கொண்டுபோயிற்று, சந்தேகத்தைத் தொடக்கூட இல்லை. பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் நாளெல்லாம் சிரித்துச் சிரித்து வாய் வலித்துத் திரும்புகிறவளை வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்ப்பார். "உன்கூட யாரு வந்திருக்கா?" என்பார். பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கே கசந்துவிட்டது.

"கீபோர்ட இப்படித் தள்ளு," என்றார். கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போட்ட விரல்கள். விசைகள் எதுவும் மறக்கவில்லை. அம்புக்குறியை அழுத்தினார்.

"கோப்புறை," என்றது குரல். "குப்பைத்தொட்டி." அடுத்த அழுத்தலுக்கு, "கட்டில்."

சாயங்கால வெளிச்சம் சுவரைவிட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் விசிறி தூசியை அரைத்தபடி இரைய, சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில், காயாமல் மடித்து வைத்த துணியின் நாற்றம் ஒன்று அறைக்குள் ஊறி வந்தது. திரையில் கட்டில் எதுவும் இல்லை. அறையில்தான் இருந்தது.

"அலமாரி. பாதி திறந்திருக்கிறது."

திரும்பிப் பார்த்தாள். திறந்துதான் இருந்தது. காலையில் அவளே பூட்டியது.

"மனைவி. நிற்கிறார்."

அவர் தலையைச் சாய்த்தார். "ஆறுன்னுச்சே. இன்னும் ஒண்ணு இருக்கில்ல?"

"வேணாங்க. அணைச்சிடறேன்."

"ஏன் பதறுற?" அழுத்தினார்.

"அந்நியர். மனைவிக்குப் பின்னால்."

பின்னால் சுவர். வெறும் சுவர். ஆனால் அந்த நாற்றம் இப்போது அவள் பிடரியருகே இருந்தது.

"நான் சொன்னேன்ல," என்றார். கண் போனபிறகு அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. இப்போது சிரித்தார்.

"சத்தியமா யாருமில்லீங்க!"

பென்டிரைவைப் பிடுங்கினாள். பிளக்கையும் பிடுங்கினாள். திரை அணைந்தது. விசிறி நின்றது. குரல் நிற்கவில்லை.

"அந்நியர்," என்றது.

அதை அழித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் விரல் ஒரு படி பின்னால் போனது.

"மனைவி."

இன்னொரு விசை.

"மனைவி. தேர்ந்தெடுக்கப்பட்டது. நிரந்தரமாக நீக்கவா?"

"என்னங்க... நான்தாங்க." சொன்னாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கால் நகரவில்லை. குனிந்து பார்த்தாள். இடுப்புக்குக் கீழே தரை தெரிந்தது. தரை மட்டும்.

இருண்ட திரைக்கு முன்னால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விரல் இடமும் வலமும் போய் வந்தது.

"ஆம்," என்றது குரல். "இல்லை." "ஆம்." "இல்லை." "ஆம்."

விரல் நின்றது.